ருசி பார்த்ததாக ஒரு பழி

என் கீழுதட்டின் இடது ஓரத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பொரியும். முதலில் அரிக்கும். மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்து எழும்பும். உடைந்து நீர் வடிந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சின்ன வயசிலிருந்தே உண்டு. காய்ச்சல் விட்டால் வரும், கடலைக்காட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்றால் வரும். எங்கள் அம்மா வெண்ணெயைத் தடவிவிட்டு, "சூடுதான், போயிடும். யார் சொம்புலயும் வாய வெச்சிடாத, ஒட்டிக்கும்" என்பாள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. இந்தக் கொப்புளத்தால் என் மானம் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

போனது. அதைத்தான் எழுதப்போகிறேன். எழுபது வயசுக்கு மேல் இதையெல்லாம் எழுதுவார்களா என்று என் மகள் கேட்கிறாள். வேறு எப்போது எழுதுவதாம்? ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், அது வீணாகப் போகவேண்டாம்.

நான் பிறந்தது தம்மம்பட்டிக்குப் பக்கத்தில். வாழ்க்கைப்பட்டது சேந்தமங்கலம் போகும் பாதையில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு. கிணறும் சோளக்காடும் கடலைக்காடுமாகச் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத இடம். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமியார், அவருடைய ஒரே மகனான என் கணவர், நான், மூன்றே பேர். கணவர் சேலம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சூரமங்கலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார், திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவார். வெள்ளைக்காரன் சண்டை ஆரம்பித்திருந்த சமயம், கரி போட்டு ஓட்டும் பஸ். வந்து இறங்கும்போது சட்டையெல்லாம் புகை நாற்றமடிக்கும்.

மாமியாரைக் குறை சொல்லக்கூடாது. என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. எச்சில் என்ற ஒன்றில் மட்டும் அந்த அம்மாளிடம் தப்பிக்க முடியாது. சொம்பில் உதடு படக்கூடாது, அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். குழம்பு கொதிக்கும்போது உப்பு ருசி பார்க்கக்கூடாது, ஆவி வாசத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நான் சமைக்கும்போது பின்னாலேயே நின்று என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கணவர் சாப்பிட்ட இலையில் நான் சாப்பிடலாம். சாப்பிடத்தான் வேண்டும். அவர் எச்சில் எனக்குப் புண்ணியம், என் எச்சில் அவருக்குப் பாவம். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தாலி ஏறியதும் தானாகத் தெரிந்துவிட்டது.

கல்யாணமாகி மூன்றாவது மாசமோ நான்காவது மாசமோ, அவர் சேலத்தில் ஒரு இங்கிலீஷ் டாக்கி படம் பார்த்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். நான் உள்ளறையில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன்.

"தொரையும் தொரைசானியும் வாயோட வாய் வெச்சு முத்தங் குடுக்கறாங்க புள்ள. அத்தனை சனத்துக்கு முன்னால!" என்றார்.

"சீ! எச்சலுங்க" என்றேன்.

"எச்சலுதான். இங்க வா, ஒருக்காப் பாக்கலாம்."

முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். விடவில்லை மனுஷன். முதல் தடவை முந்தானையால் வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது, எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வாரம் துடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் சந்தைக்கு மாமியார் இன்னும் கிளம்பவில்லையே என்று நானே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? ஊரில் ஒருத்தர் சொம்பை இன்னொருத்தர் தொடாதபோது, என் வாயை ஒருவர் ஆசையாகத் தேடி வருகிறார் என்பது எனக்குப் பெரிய சங்கதியாக இருந்தது.

மாசி மாசம் வந்தது. எங்கள் கூட்டத்தில், அதாவது ஒரே குலசாமியைக் கும்பிடும் பங்காளிகளுக்குள், ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வந்த மருமகள் முதல் மாசிப் பொங்கலுக்குக் குலசாமி கோயிலில் தன் கையால் பானை வைக்க வேண்டும். பொங்கி வழிந்ததும் கூட்டத்துப் பெரியவர் அவள் நெற்றியில் திருநீறு வைத்து, இன்னார் வீட்டு மருமகள் என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்வார். அதுவரைக்கும் அவள் வந்து தங்கியிருக்கும் பெண்தான். பானை வைக்காதவள் ஒரு கல்யாணத்தில் தாம்பாளம் எடுக்க முடியாது, ஒரு சாவில் முன்னால் நின்று அழக்கூட முடியாது. நான் அந்த நாளுக்காக வெங்காய நிறப் புடவை ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பொங்கல் பொங்காமல் போய்விடுமோ என்று கனவெல்லாம் வந்தது.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடலை பிடுங்கினார்கள். மூன்று நாள் வெயிலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உதடு பொரிந்துவிட்டது. மத்தியானம் வழக்கம்போல அவர் உள்ளறைக்கு வந்தார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. உதடு பொரிஞ்சிருக்குது. எச்சலு பட்டா ஒட்டிக்குமின்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. ஆறு நாளா அந்த ரூம்புல செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறன் புள்ள."

"சொன்னாக் கேளுங்க. வலிக்குமுங்க."

"உன்ற எச்சலு எனக்கு எச்சலே இல்ல" என்றார்.

இதைச் சொன்னவர் அவர். நான் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், மூன்றாம் முறை சொல்லவில்லை. என் தப்பு அதுதான்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டு உதடும் வீங்கி, ஓரமெல்லாம் கொப்புளம். நாக்கிலும் கன்னத்துக்கு உள்ளேயும் புண். ஈறு ரத்தச் சிவப்பு. உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்கு வருவது ஓரத்தில் ஒரு கொத்து, இவருக்கு வாய் முழுக்க. முதல் தடவை வருபவர்களுக்கு அப்படித்தான் வரும் என்று வெகு வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கண்ணீர் விட்டார், நானும் அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன்.

"என்ன சாமி ஆச்சு?" என்று மாமியார் பதறினார்.

"வெயில் சூடுங்கம்மா" என்றார் இவர், வாயைத் திறக்காமலே.

அதோடு போயிருக்கும். மறுநாள் காலையில் குயவர் பொங்கல் பானைகளைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் பக்கம் உடம்பில் அக்கி கண்டால் குயவர்தான் எழுதுவார். செங்காவிக் கல்லை உரசிக் குழைத்து, கோழியிறகால் தொட்டு, புண்ணின் மேலும் சுற்றியும் எழுதுவார். மூன்று நாளைக்குக் கழுவக்கூடாது. முகத்தில் எழுதினால் ஊருக்கே தெரியும். அந்த மனுஷர் பானையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர் இவர் முகத்தைப் பார்த்தார், பிறகு படியோரம் நின்ற என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பொருக்கு உதிரும் கட்டம்.

"இது சூடில்லீங்கம்மா, அக்கி. ரெண்டு பேருக்கும் ஒரே அக்கி. அம்மிணிக்குக் காஞ்சிருச்சு, சின்னவருக்கு இப்பத்தான் எழும்பியிருக்குது. அங்கிருந்துதான் இங்க வந்திருக்கோணும்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு எழுதோணுமுங்க. ஒருத்தர உட்டுட்டு ஒருத்தருக்கு எழுதினா மறுக்கா மறுக்கா வருமுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். "இவளுது எப்படி இவனுக்கு வரும்?"

குயவர் பானையைத் துடைக்கிற மாதிரி குனிந்து சிரிப்பை மறைத்தார். கணவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. நான் அவர் வாயையே பார்த்தேன். உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவு பைத்தியம் இல்லை நான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காணாக்கடி, பூச்சி ஊர்ந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவர் இலையில் நான் சாப்பிடுவதைச் சொல்லிக் குழப்பியிருக்கலாம். ஆயிரம் வழி இருந்தது.

"கொழம்பு ருசி பாத்துட்டு அதே கரண்டியத் திருப்பி உள்ள போடறாளுங்கம்மா" என்றார். "போன வாரம் நானே பாத்தனுங்க."

நானே பாத்தனுங்க! அதை யார் சேர்க்கச் சொன்னது? அது இல்லாமலே பொய் நின்றிருக்குமே. எனக்கு அந்த நிமிஷம் கோபம்கூட வரவில்லை. "இல்லீங்கத்தை, நான் அப்படிச் செய்யலீங்க" என்று ஏதோ சொன்னேன். மேலே எதைச் சொல்வது? குயவர் முன்னால் நின்றுகொண்டு, உங்கள் மகன் என் வாயில் வாய் வைத்தார் என்றா? பெண்டாட்டி எச்சில் தின்னவன் என்று பங்காளிகள் அவரை ஆயுள் முழுக்கக் கேலி செய்வார்கள். அவர் முகத்தைப் பார்த்து நானே வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள், அப்போதும் அவருக்காகப் பயந்தேன்.

மாமியார் அடுப்படிக்குள் போய்க் குழம்புச் சட்டி, சோத்துப் பானை, தயிர்ச் சட்டி என்று மண்ணில் செய்த அத்தனையும் எடுத்துவந்து வாசலில் போட்டு உடைத்தார். பித்தளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அடுப்பை இடித்து மெழுகினார். தண்ணீர் இறைக்கும் ஆட்கள் ஏற்றத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, புதுமருமகள் புருஷனுக்கு எச்சில் பண்ணிப் போட்டிருக்கிறாள், அவனுக்கு வாய் வெந்துபோய்விட்டது என்று. எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாப்பாடு. பொங்கல் பானை வைக்கக்கூடாது என்று மாமியார் சொன்னார்.

குயவர் அக்கி எழுதாமலே போனார். காவி பூசிய வாயோடு ஆபீஸுக்குப் போக முடியாது என்று இவர் மறுத்துவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஒரே நினைப்பு. புண்ணோடு இருந்தார், காய்ச்சல், என்னவோ உளறிவிட்டார், வாய் ஆறினால் அம்மாவிடம் எப்படியாவது சொல்லிச் சரி செய்துவிடுவார். சனிக்கிழமை வந்தார், புண் பாதி ஆறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டில் தனியாகப் பிடித்தேன். மறுநாள் பொங்கல்.

"அம்மாகிட்டச் சொல்லீட்டீங்ளா?"

"என்னத்தச் சொல்ல?"

"நான் ருசி பாக்கலீன்னு."

அவர் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆம்பளைக்கு அது அசிங்கம் புள்ள. பங்காளிக என்னைய ஆயுசுக்கும் உட மாட்டாங்க. நீ பொம்பள. நாலு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க. பானை அடுத்த வருசம் வெச்சுக்கலாம்."

"எனக்கு அசிங்கமில்லீங்ளா?"

"கோவிச்சுக்காத" என்றபடி கிட்டே வந்தார். வாயோடு வாய் வைக்க வருகிறார்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சைப் பேசிய அதே மூச்சில். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். கால் வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்தார். சிரிக்க வேண்டிய காட்சிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலன்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள், தோட்டத்தில் தனியாக விடக்கூடாது என்று. கோயிலுக்கு எல்லைக்கல் உண்டு. அதற்கு வெளியே புளியமரத்தடியில் வண்டியோடு இருக்கச் சொன்னார் மாமியார். நான் வெங்காய நிறப் புடவை கட்டவில்லை, பழைய புடவையில் இருந்தேன். உள்ளே வரிசையாக அடுப்புகள், பதினைந்து இருபது பானை இருக்கும். எங்கள் வீட்டுப் பானையை மாமியாரே வைத்தார். கூட்டத்துப் பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு புளியமரத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

"புதுப்புள்ள அங்க எதுக்கு நிக்குது? பானை வெக்கலியா?"

ஏன் வைக்கவில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. மாமியார் சட்டென்று சொன்னார். "ஊட்டுக்குத் தூரமுங்க. நேத்துத்தான். அதான் எல்லைக்கு வெளிய உட்டிருக்கறன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீம்பு. எச்சில் பண்ணியவள் என்றீர்கள், பொறுத்தேன். இப்போது மாதவிலக்கு என்று இன்னொரு பொய்யா? இப்படி வருஷத்துக்கு ஒரு பொய்யாகச் சொல்லிக்கொண்டே போனால் நான் என்றைக்குப் பானை வைப்பது? எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தேன். அடுப்புகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

"எனக்குத் தூரமில்லீங்க" என்றேன்.

பெரியவர் திகைத்தார். "பின்ன என்ன சாமி?"

"அவரக் கேளுங்க."

கணவர் கையில் தென்னமட்டையோடு அடுப்பருகில் நின்றிருந்தார். உதட்டில் இன்னும் இரண்டு பொருக்கு மிச்சம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்த பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது, மிரட்டல் இல்லை. முத்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டாம். தூரம் இல்லை, அவள் சுத்தமாகத்தான் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதும். மீதியை நான் சுமந்துகொள்வேன். அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. கண்ணைப் பார்த்தால் தெரியாதா?

"தூரந்தானுங்க பெரியப்பா" என்றார். "அவ பொய் சொல்றா."

அடக் கடவுளே, அந்தக் கூச்சல்! பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூரமானவள் பொங்கலுக்கு நடுவே வந்துவிட்டாள் என்று பொங்கிக்கொண்டிருந்த பானை, பொங்காத பானை எல்லாவற்றையும் மண்ணில் கவிழ்த்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை என் காலடியில் வீசினார். யாரோ ஒருத்தி என் முழங்கையைக் குச்சியால் தள்ளித் தள்ளி எல்லைக்கு வெளியே கொண்டுவந்து விட்டாள். தொடக்கூட மாட்டாளாம். அடுத்த பொங்கல் வரைக்கும் என்னைப் பிறந்த வீட்டில் விட்டுவைக்கச் சொல்லிப் பெரியவர் உத்தரவு போட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது என் கணவர் கவிழ்ந்த பானைகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார், வெகு கவனமாக.

மறுநாள் என் துணிகளை மூட்டை கட்டியது மாமியார்தான். கட்டி முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"நீ ருசி பாக்கலீன்னு எனக்குத் தெரியுஞ் சாமி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உன்ற கரண்டி வாய்க்குப் போனதே இல்ல. நாந்தான் எந்நேரமும் பாத்துட்டே இருக்கறனே. அந்தக் கொசவன் சிரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் எதுக்குங்கத்தை சட்டியெல்லாம் ஒடச்சீங்க?"

"ஒடைக்கலீன்னா நம்புவாங்ளா?" என்றார் மாமியார். "ஆம்பள பேரு கெட்டா ஊரே சிரிக்கும். உன்ற பேரு இந்த அடுப்படியோட போயிருமின்னு இருந்தன். நீ எதுக்கு அங்க வந்து வாயத் தொறந்தே?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாமல் செய்தார்கள் என்று இருந்தால் ஒருநாள் தெரியவைக்கலாம். தெரிந்தே செய்தவர்களிடம் எதைப் போய்ச் சொல்வது? வண்டியில் ஏறும்போது என் தலையைத் தடவி, "போயிட்டு வா கண்ணு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது.

பிறந்த வீட்டில் அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் சொன்ன பொய்க்காக என்று நினைத்தேன்.

"ஏண்டி, வாயோட வாயா? சீ! நீ எப்படிடி உட்ட?" என்றாள்.



அந்த ஆடியில் அவர் வந்தார், பெரியவர் சொன்ன கெடுவுக்கு முன்பே. சூரமங்கலத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகவும் கூட்டிப்போக வந்திருப்பதாகவும் சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாட்டுக்குத் தவிடு கலக்கும் இடத்துக்கு என்னைத் தேடி வந்தவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அடுத்த மாசிப் பொங்கலில், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், அன்று இவளுக்குத் தூரமில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பானை வைக்கிறேன். சொல்லாத வரை அந்த எல்லைக்கல்லைத் தாண்டமாட்டேன்.

"சத்தியமாச் சொல்றன் புள்ள" என்று என் கையில் அடித்தார். மூட்டையைக் கட்டினேன்.

அடுத்த மாசியில் அவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாசியில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இந்தச் சமயத்தில் வேண்டாம் என்றார். பிறகு, அம்மா இருக்கும்வரை அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கமுடியாது, அம்மா காலத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு அவர் மட்டும் போய்வந்தார். நான் அடி வைத்தால் பானை பொங்காது என்று ஊரில் பேச்சு ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த பங்காளி வீட்டு மருமகள்கள் எல்லோரும் பானை வைத்துத் திருநீறு வாங்கி, என்னைக் கண்டால் பிள்ளையை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சூரமங்கலத்தில் நாங்கள் ஒன்றும் சண்டைக்காரக் குடும்பம் இல்லை. நல்லபடியாகத்தான் இருந்தோம். பெண் ஒன்று பிறந்தது. கோடை வந்தால் அவர் உதடு பொரியும், நான் கொடுத்தது, போகவே போகாது. வெண்ணெய் தடவிவிடுவேன். ஆபீஸில் கேட்டால் வெயில் சூடு என்பார். அந்தப் பத்து நாளும் குழந்தையை அவர் கொஞ்ச விடமாட்டேன், எனக்குப் பொரிந்தால் நானும் கொஞ்சமாட்டேன். மற்றதெல்லாம் ஒரு பெண்டாட்டி என்ன தருவாளோ அவ்வளவும் தந்தேன். வாயை மட்டும் தரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முதல் சில தடவை கெஞ்சினார், பிறகு விட்டுவிட்டார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை, அந்த மட்டுக்கும் தெரிந்திருந்தது.

மாமியார் காலமானார். சாவு வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். கூட்டத்துப் பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். வருஷத் திதி முடிந்து மாசி வந்தபோது, இவர் காலையில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசம் நீயும் வா. பானை வெச்சுரு. இனிக் கேக்கறதுக்கு யாரும் இல்ல."

"சொல்றதுக்கு நீங்க இருக்கறீங்ளே" என்றேன்.

அவர் வாய் அசைந்தது, ஏதோ சொல்லப்போகிறார் என்று கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நாள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை, போன இடத்தில் சொல்லிவிட்டால்? அம்மா இல்லை, பெரியவர் இல்லை, இனி யாருக்கு வெட்கப்பட வேண்டும்? சொல்லிவிட்டு வந்து நாளைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பார். என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. குழந்தைக்குத் தலை பின்னும்போதுகூட அதே நினைப்பு.

சாயங்காலம் திரும்பி வந்தார். தூக்குப்போசியில் பொங்கல் கொண்டுவந்திருந்தார். கூட்டம் நிறைய, பானை எல்லாம் நன்றாகப் பொங்கியது என்றார். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள் என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தூக்குப்போசியை என்னிடம் நீட்டினார்.

"ஊட்டுக்குத் தூரமின்னு சொல்லிட்டன் புள்ள. வேற என்னத்தச் சொல்ல?"